பூண்டு ஊன்றும் மாதத்தில் ஓட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கிறிஸ்தவர்களின் அரசியலைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் கட்டுரை வரும்போதெல்லாம் பின்னாலேயே இரண்டு விதமான கடிதங்கள் வருகின்றன. “விசுவாசிக்கு அரசியல் எதற்கு, ஜெபம் போதும்” என்பது ஒரு வகை. “தேசத்தை மீட்கப் போராடாதவன் விசுவாசியே இல்லை” என்பது இன்னொரு வகை. வேடிக்கை என்னவென்றால், இரு தரப்பும் காட்டுகிற வசனம் பெரும்பாலும் ஒன்றுதான். அந்த வசனத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அரசியல் நம்பிக்கைகளை மறுபடி எடைபோட நினைக்கும் கிறிஸ்தவர், அதைத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து செய்வதைவிட அக்டோபர், நவம்பர் மாதத்துச் சாதாரண வேலைகளுக்கு நடுவே செய்தால் ஒழுங்காகச் செய்வார் என்பது என் வாதம். பென்சில்வேனியாவை வைத்தே சொல்கிறேன். இலையுதிர் காலமும் தேர்தலும் தேவாலயமும் இவ்வளவு நெருக்கமாக உரசிக்கொள்ளும் மாநிலம் வேறு அதிகம் இல்லை.

முதலில் தேர்தல் நாளான அந்தச் செவ்வாய்க்கிழமை. ஜனாதிபதித் தேர்தல் நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாயில் நடக்க வேண்டும் என்று 1845-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டது. காங்கிரஸ் தேர்தல்களும் பிறகு அதே நாளுக்கு வந்து சேர்ந்தன. அன்றைய வாக்காளர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். அக்டோபர் முடியும்வரை அறுவடை. டிசம்பரில் பாதை சேறும் பனியும். ஞாயிறு ஆராதனை. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி; அதன் தலைநகருக்குக் குதிரை வண்டியில் போக ஒரு முழு நாள் ஆகலாம், ஆகவே திங்கள் புறப்பட வேண்டும். புதன் பல ஊர்களில் சந்தை நாள். இதையெல்லாம் கழித்தபின் மிஞ்சியதுதான் செவ்வாய். களத்துமேட்டையும் கோயில் மணியையும் பார்த்துக் குறித்த நாள் என்பதால், தேர்தல் வந்ததும் சாதாரண வாழ்க்கையை நிறுத்திவைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்தச் சட்டத்தின் காரணமே அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

அதே செவ்வாயில் லான்காஸ்டர் கவுண்டியில், உலகப் போக்கிலிருந்து ஒதுங்கி எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வீடுகளில் வேறொரு கூட்டம் கூடும். ஆமிஷ் திருமணங்கள் பெரும்பாலும் அறுவடை முடிந்தபின், அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, செவ்வாய், வியாழக் கிழமைகளில்தான் நடக்கும். ஒரு வீட்டில் வழக்கத்தைவிட அதிகமாகச் செலரி பயிரிட்டிருந்தால் அங்கே பெண்ணுக்குக் கல்யாணம் என்று ஊர் ஊகித்துவிடும். பாலேடு சேர்த்து வேகவைத்த செலரி பந்தியில் கட்டாயம் இருக்க வேண்டும்; பச்சைத் தண்டுகளைக் குவளைகளில் பூங்கொத்துபோல நிறுத்தி மேசைக்கு மேசை வைப்பார்கள். அதோடு கோழி இறைச்சியும் ரொட்டித் துணுக்குகளும் கலந்து அடுப்பில் வாட்டிய ரோஸ்ட். விருந்தினர் முந்நூறு பேர் என்றால் அசாதாரணம் இல்லை. ஆமிஷ் மக்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போடுவதில்லை. வரி கட்டுவார்கள், சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டார்கள், ஆயுதம் ஏந்த மாட்டார்கள். தேவனுடைய ராஜ்யம் வேறு, உலக அரசு வேறு என்ற பழைய உபதேசம். நான் அந்தப் பக்கம் இல்லை. எல்லாரும் அப்படி ஒதுங்கினால் சாலையும் சிறையும் யார் பொறுப்பு என்று கேட்க ஆள் இருக்காது. ஆனாலும் தேர்தல் நாளில் முந்நூறு பேருக்குச் செலரி நறுக்குகிற சமையற்கட்டு கவுண்டிக்குள்ளேயே இருப்பதை, ஓட்டுப் போடப் போகிறவர்கள் மறக்காமல் இருந்தால் நல்லது.

இனி அந்த வசனம். 2 நாளாகமம் 7:14. கத்தோலிக்கர்கள் 2 குறிப்பேடு என்பார்கள். என் நாமம் தரித்த ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி, ஜெபம்பண்ணி, பொல்லாத வழிகளை விட்டுத் திரும்பினால் அவர்கள் தேசத்துக்குச் சுகம் கொடுப்பேன் என்ற வாக்குத்தத்தம். ரொனால்டு ரீகன் 1981-இல் பதவியேற்றபோது தாயாரின் வேதாகமத்தை இந்தப் பக்கத்தில் திறந்துவைத்துத்தான் கை வைத்தார். தமிழ்நாட்டுச் சபைகளில் தேசத்துக்கான ஜெபக் கூட்டம் என்றால் பேனரில் பாதி வேளை இதுதான் இருக்கும். இந்தியப் பேனரில் அது இந்தியா, அமெரிக்கப் பேனரில் அமெரிக்கா.

14-ஆம் வசனத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் 8-இலிருந்து படியுங்கள். ஏழாம் மாதம், அதாவது நம் கணக்குக்கு செப்டம்பர், அக்டோபர். சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டையையும் பண்டிகையையும் முடித்து, 23-ஆம் தேதி ஜனங்களை அவரவர் கூடாரங்களுக்கு அனுப்புகிறான். அவர்கள் மனமகிழ்ச்சியோடு போனார்கள் என்று 10-ஆம் வசனம் சொல்கிறது. 13-இல் மழை இல்லாத வானம், நிலத்தைத் தின்னும் வெட்டுக்கிளி, கொள்ளைநோய். அதற்குப் பிறகுதான் 14. ஆக அங்கே “தேசம்” என்பது முதலில் மண். மழை பெய்து வெட்டுக்கிளி போய் விளைச்சல் வருகிற மண். எந்தக் கட்சி எந்த அவையைப் பிடித்தது என்பதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. அந்த வாக்கு இன்றைய எந்த நாட்டுக்கும் எழுதிக்கொடுத்த பத்திரமும் இல்லை. ஒரு குறிப்பிட்ட ஆலயத்தில், ஒரு குறிப்பிட்ட ராஜாவிடம் சொன்னது.

அந்தப் பண்டிகை கூடாரப் பண்டிகை. உபாகமம் 16 அதற்கு விதி சொல்கிறது: களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் விளைச்சலைச் சேர்த்தபின் ஏழு நாள் சந்தோஷமாயிரு. சந்தோஷம் இங்கே கட்டளை. கூடவே யார் யாரோடு என்ற பட்டியலும் வருகிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை. பந்திக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விதான் அரசியலின் முதல் கேள்வி. திருநெல்வேலிப் பக்கத்து அசனத்தில், அதாவது சபையார் கூடி உண்ணும் பொது விருந்தில், உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் அந்நியரைப் பற்றி இந்தப் பருவத்தில் எவ்வளவு பேசுகிறார்கள் என்பது தெரிந்ததே. அறுவடைச் சந்தோஷத்தின் அழைப்புப் பட்டியலிலேயே அந்நியன் இருக்கிறான் என்பதை வைத்துக் குடியேற்றச் சட்டம் எழுதிவிட முடியாது, உண்மைதான். அவன் பெயரை அடித்துவிட்டு அந்தப் பட்டியலை வாசிக்கவும் முடியாது.

மறுபரிசீலனையைத் தொடங்க ஒரு முறை சொல்கிறேன். ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் “கிறிஸ்தவன் என்பதால் இதை ஆதரிக்கிறேன்” என்று நீங்கள் சொல்லும் அரசியல் நிலைப்பாடுகள் ஐந்து. ஐந்துக்கு மேல் போனால் கோஷங்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுப்பத்தியில், உங்கள் சபைப் பிரிவு அதை எந்த ஆண்டிலிருந்து சொல்கிறது. கடைசியில் வசனம். பலரும் முதலையும் கடைசியையும் நிரப்பிவிட்டுத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். வசனம் எதற்கும் கிடைக்கும். நடுப்பத்திதான் வேலை வாங்கும்.

பாப்டிஸ்டுகள் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவினரை எடுத்துக்கொள்வோம். அரசும் திருச்சபையும் பிரிந்திருக்க வேண்டும் என்பது கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் கொண்டுவந்த சதி என்று இன்று பேசுகிற சபைகள் உண்டு. 1802 ஜனவரி 1 அன்று ஜனாதிபதி ஜெஃபர்சன் “பிரிவினைச் சுவர்” என்று எழுதிய கடிதம் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி பாப்டிஸ்டுகளுக்குப் போனது. அவர்கள் வேறு சபைக்கு வரி கட்ட வேண்டிய நிலையில் இருந்தவர்கள். சுவர் அவர்களுக்குத்தான் தேவைப்பட்டது. அதே நாளில் ஜான் லேலண்டு என்ற பாப்டிஸ்ட் போதகர், மாசசூசெட்ஸின் செஷயர் ஊர் விவசாயிகள் செய்த 1,235 பவுண்டு எடையுள்ள ஒரே பாலாடைக்கட்டியை வெள்ளை மாளிகையில் கொண்டுபோய் இறக்கினார். ஏறக்குறைய 560 கிலோ. எதிர்க்கட்சிக்காரன் வீட்டு மாட்டுப் பால் ஒரு சொட்டுகூட அதில் சேரவில்லை என்று கதையாகச் சொல்வார்கள். மத சுதந்திரத்துக்காக ஒரு போதகர் கொடுத்த நன்றிக் காணிக்கை அது.

கருக்கலைப்பு. இதில் கத்தோலிக்கத் திருச்சபை தொடர்ந்து எதிர்த்தே வந்திருக்கிறது, அதில் குழப்பம் இல்லை. தென் பாப்டிஸ்ட் மாநாடு என்ற சபைக் கூட்டமைப்போ 1971-இல் செயின்ட் லூயிஸில் கூடியபோது, வன்கலவி, நெருங்கிய உறவில் தகாத சேர்க்கை, சிசுவின் கடும் ஊனம், தாயின் உடல் மன நலத்துக்குச் சேதம் போன்ற நிலைகளில் அதை அனுமதிக்கும் சட்டத்துக்காக உழைக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. கருக்கலைப்பை உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத்தின் ரோ தீர்ப்பு 1973-இல். ஜெர்ரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர் மாரல் மெஜாரிட்டி என்ற வலதுசாரிக் கிறிஸ்தவ அரசியல் அமைப்பைத் தொடங்கியது 1979-இல். அடுத்த ஆண்டே தென் பாப்டிஸ்ட் தீர்மானம் நேர் எதிர்த் திசைக்குத் திரும்பிவிட்டது. இதற்கு நடுவே இன்னொரு வழக்கும் ஓடியது: இன வேறுபாடு காட்டிய பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் வரிவிலக்கை வரித்துறை 1976-இல் நீக்கியது, உச்ச நீதிமன்றம் 1983-இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. சபைகளை அரசியலுக்கு இழுத்தது இதுவா அதுவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆண்டு பிந்தியது என்பதால் ஒரு நம்பிக்கை பொய்யாகிவிடாது. பிலடெல்பியாவுக்கு அருகே ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமைமுறைக்கு எதிராக 1688-இல் மனு எழுதினார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கூட்டங்கள் அதைக் கீழிருந்து மேலே, மேலிருந்து இன்னும் மேலே என்று தள்ளிவிட்டன. அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவு செய்தபோது 1776. எண்பத்தெட்டு வருஷம். அன்று அந்த முடிவு புதிது, ஆனால் சரி. நடுப்பத்தி செய்யும் வேலை சின்னது: “எங்கள் சபை ஆதியிலிருந்தே” என்று தொடங்கும் வாக்கியத்தை வாயிலிருந்து எடுத்துவிடும். எடுத்துவிட்டால் மிச்சத்தை நிதானமாகப் பேசலாம்.

அந்த நிதானத்துக்குத் தோட்டம் உதவும் என்பதை எரேமியா 29 நேரடியாகவே சொல்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் மீண்டுவிடும் என்று ஆலயத்தில் நின்று முழங்குகிறான். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் பதவிக்காலமும் சரியாக இரண்டு வருஷம். எரேமியா சொன்னது எழுபது. அமெரிக்கக் காபிக் கோப்பைகளில் அச்சாகும் 29:11, “உங்களுக்காக நான் வைத்திருக்கும் நினைவுகள்” என்ற வசனம், அந்த எழுபதுக்கு அடுத்த வரி. கோப்பையில் எழுபதைப் போட மாட்டார்கள், விற்காது.

பூண்டு விஷயத்துக்கு வருவோம். பென்சில்வேனியாவின் தென்கிழக்கில் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை பூண்டு ஊன்றும் பருவம். முந்தி ஊன்றினால் தழை உயர்ந்து உறைபனியில் கருகும். பிந்தினால் தரை இறுகும்முன் வேர் பிடிக்காது. குளிரில் மண் உப்பி இறங்கும்போது பல் மேலே வந்துவிடும். கடையில் சமையலுக்கு வாங்கிய பூண்டில் முளை அடக்கி மருந்து தெளித்திருக்கலாம் என்பதால் விதைப்பூண்டே நல்லது. நடுவில் கெட்டித் தண்டு உள்ள வகை இந்தக் குளிருக்குச் சரி. பல்லைப் பிரிப்பது ஊன்றும் நாளில்தான். தோலை உரிக்கக் கூடாது. பெரிய பல் பெரிய பூண்டு தரும், பொடிப் பல்லைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். கூர்முனை மேலே, வேர்முனை கீழே, இரண்டு அங்குல ஆழம், பல்லுக்குப் பல் ஆறு அங்குலம், வரிசைக்கு வரிசை ஒரு அடி. தலைகீழாக ஊன்றினாலும் முளைக்கும், ஆனால் தண்டு வளைந்து வந்து பூண்டு கோணிப்போகும்.

மேலே நான்கு முதல் ஆறு அங்குலம் மூடாக்கு. ஓக், மேப்பிள் இலைகளை முழுசாகப் பரப்பினால் மழையில் நனைந்து அப்பளக் கட்டுபோல ஒட்டிக்கொள்ளும். காற்றுப் போகாது, வசந்தத்தில் முளை துளைத்து வர முடியாமல் அடியில் அழுகும். புல்வெட்டும் இயந்திரத்தை இலைமேல் இரண்டு தடவை ஓட்டித் தூளாக்கிப் போட வேண்டும். மிஞ்சிய தூளை மூலையில் குவித்து ஈரமாக வைத்திருந்தால் ஒன்றிரண்டு வருஷத்தில் கறுத்துப் பொலபொலப்பான இலைமக்கு. சமையலறைக் காய்கறிக் கழிவோடு கலந்தால், இலை இரண்டு மூன்று பங்குக்குக் கழிவு ஒரு பங்கு, இன்னும் சீக்கிரம் மக்கும். நாற்றம் வந்தால் இலை போதவில்லை. இலைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தெருவோரம் வைப்பவர்கள் இரண்டு தடவை பணம் செலவழிக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி விடுகிறேன்.

ஜூனில் சுருண்டு எழும் பூந்தண்டை ஒடித்துப் பொரியல் செய்யலாம். ஒடிக்காவிட்டால் பூண்டு சிறுக்கும். ஜூலையில் கீழ் இலைகளில் மூன்றில் ஒரு பங்கு பழுத்ததும் தோண்டி, நிழலில் மூன்று நான்கு வாரம் உலர்த்த வேண்டும். ஜனாதிபதித் தேர்தல் வரும் இலையுதிர் காலத்தில் ஊன்றினால், தோண்டுவதற்குள் ஜனவரி 20 வந்து ஆட்சிகூட மாறியிருக்கும். யார் வந்தாலும் பூண்டு ஜூலையில்தான்.

அடுத்து ஆப்பிள் பட்டர். பெயரில் வெண்ணெய் இருந்தாலும் வெண்ணெய் துளியும் இல்லை. ஆப்பிளைச் சுண்டக் காய்ச்சிய பழப்பாகு. பென்சில்வேனியா டச்சு எனப்படும் இங்குள்ள ஜெர்மன் வட்டார மொழியில் லாட்வெரிக். முந்தின இரவு அக்கம்பக்கத்தார் கூடி ஆப்பிளைத் தோல் சீவித் துண்டு போடுவார்கள். மறுநாள் விடியலில் திறந்த வெளியில் செம்புக் கொப்பரையேற்றி, சைடர் எனப்படும் புளிக்காத ஆப்பிள் சாறு பாதியாகச் சுண்டியபின் துண்டுகளைப் போட்டு, நீளக் கைப்பிடியுள்ள மரத் துடுப்பால் நாள் முழுதும் துழாவ வேண்டும். துடுப்பு நின்றால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த வாடை கொப்பரை முழுக்கப் பரவியபின் அதை எடுக்க வழியே இல்லை. ஈயம் பூசாத செம்பில் ஆறவும் விடக் கூடாது, புளிப்புக்குக் களிம்பு ஏறும்.

வீட்டு அளவுக்கு: புளிப்பும் இனிப்புமாகக் கலந்த ஆப்பிள் 3 கிலோ, சைடர் அரை லிட்டர். அரை மணி நேரம் வேகவைத்துச் சல்லடையில் மசித்து, அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் மூன்று நான்கு மணி நேரம். சர்க்கரை சுமார் 400 கிராம், பாதி சுண்டியபின்தான். முதலிலேயே போட்டால் அடியில் கரியும். பட்டைத் தூள் இரண்டு தேக்கரண்டி, கிராம்புத் தூள் அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் கிராம்பு போனால் பல்வலி மருந்து வாசனை அடிக்கும். மூடி போட்டால் சுண்டாது, போடாவிட்டால் கெட்டியாகும்போது கையில் தெறிக்கும். ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்து மூடியைச் சாய்த்து வைப்பது வழி. பதம் பார்க்க, குளிர்ந்த தட்டில் ஒரு கரண்டி விட்டால் சுற்றிலும் தண்ணீர் வளையம் கசியக் கூடாது. அல்வா கிண்டத் தெரிந்தவருக்குக் கை தானாகச் சொல்லும்.

இதிலிருந்து ஒரு பிரசங்கம் தயாரிக்க எந்தப் போதகருக்கும் கை அரிக்கும். வேண்டாம். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. சபை வளாகத்தில் கொப்பரை ஏற்றினால் முறை வைத்துத்தான் துழாவ வேண்டும். எதிர்க் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவரும் நீங்களும் அடுத்தடுத்த முறை. துடுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர முடியும். புகைக்கு நடுவே, கண் கொப்பரையில் இருக்க, நான்கு மணி நேரம் பேசும் பேச்சு, நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் நாள் விருந்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் பேச்சைப்போல வெடிக்காது. அந்த விருந்து மேசையில் தேர்தலைத் தொடங்குகிறவர்கள் இடத்தையும் தவறாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், நேரத்தையும். ஓட்டு எண்ணி முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆனபின் யார் மனம் மாறி என்ன?

ஓட்டுச்சீட்டுக்கு வருகிறேன். பென்சில்வேனியாவில் 2019 வரை ஒரே குறியில் ஒரு கட்சியின் எல்லா வேட்பாளருக்கும் ஓட்டுப் போட்டுவிடலாம். அந்த ஆண்டு வந்த 77-ஆம் சட்டம் அதை நீக்கியது. இப்போது ஒவ்வொரு பதவிக்கும் தனியாகக் குறியிட வேண்டும். பலருக்கு இது தொந்தரவு. மறுபரிசீலனை செய்பவருக்கோ வரப்பிரசாதம். மாதிரி ஓட்டுச்சீட்டு முன்கூட்டியே கிடைக்கும். அதைக் கீழிருந்து மேலே நிரப்பிப் பாருங்கள். வரும் 2026 நவம்பர் 3 தேர்தலில் உச்சியில் ஆளுநர் பதவி, கீழே மாநிலப் பிரதிநிதி. மாநிலப் பிரதிநிதிகள் மொத்தம் 203 பேர், பதவி இரண்டு வருஷம், தொகுதி சிறியது, ஆளை மளிகைக் கடையில்கூடப் பார்க்கலாம். ஒவ்வொரு பதவிக்கும் எதிரே, அந்தப் பதவி எதைச் செய்யும் அதிகாரம் உள்ளது என்று ஒரு வரி எழுதுங்கள். தாளின் முதல் பத்தியில் எழுதிய ஐந்தில் எத்தனை அந்த அதிகாரத்துக்குள் வருகின்றன என்று ஒப்பிடுங்கள். மாநிலப் பிரதிநிதியால் தொடவே முடியாத விவகாரத்தை வைத்து அவருக்கு ஓட்டுப் போட்டு வந்திருப்பது இங்கேதான் பலருக்கும் உறைக்கும்.

பள்ளி வாரியத்துக்கும் கவுண்டி ஆணையர்களுக்கும் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில். பள்ளி வாரியத்தில் ஒன்பது பேர், லான்காஸ்டர் கவுண்டிக்கு ஆணையர் மூன்று பேர். கவுண்டிச் சிறையும் ஆதரவற்ற குழந்தைகள் நலத் துறையும் கவுண்டியின் பொறுப்பில்தான். தொலைக்காட்சி விளம்பரச் சத்தம் இல்லாத அந்த இலையுதிர் காலங்களில் வாக்குச்சாவடி காலியாகவே கிடக்கும். கிறிஸ்தவ மனசாட்சி அதிகம் செல்லுபடியாகும் இடத்தில் கிறிஸ்தவர்கள் அதிகம் வராமலிருப்பது எனக்குப் புரியாத ஒன்று.

இந்த வேலை எங்கே கெடுகிறது என்றால், கட்சி மாறியதையே மறுபரிசீலனை என்று எண்ணுவதில். ஒரு தொலைக்காட்சிப் போதகரை விட்டு இன்னொரு பேச்சாளரிடம் போய், அதே கோபத்தை வேறு நிறத்தில் வாங்கி வருவார்கள். ஐந்தையும் ஒரே மாதத்தில் கலைப்பவர்களில் சிலர் சபையையே விட்டுவிடுகிறார்கள். ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். இன்னொரு தவறு, பிரசங்க மேடையிலிருந்து விடை வரும் என்று காத்திருப்பது. 1954-இல் செனட்டர் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம், வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்கிறது. சபைகள்மேல் அது பாய்ந்தது மிக அரிது. 1992-இல் ஜனாதிபதி வேட்பாளர் கிளின்டனுக்கு எதிராகச் செய்தித்தாள் விளம்பரம் கொடுத்த நியூயார்க் மாநிலத்துச் சபை ஒன்று வரிவிலக்கை இழந்தது. சட்டம் தடுத்தாலும் விட்டாலும், போதகர் சொல்லி ஓட்டுப் போடுகிறவர் தாளில் கோடு போட்டிருக்க மாட்டார்.

கத்தோலிக்க வாசகர்களுக்கு ஒன்று. இந்த நாள்களெல்லாம் திருவழிபாட்டு நாள்காட்டியில் ஆண்டின் பொதுக்காலம். பச்சைத் திருவுடை, பெரிய விழா அதிகம் இல்லாத ஞாயிறுகள், 32, 33 என்று எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அது முடியும் ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. பழைய விழா என்று பலர் எண்ணுகிறார்கள். திருத்தந்தை பதினோராம் பயஸ் அதை ஏற்படுத்தியது 1925-இல். முதல் உலகப் போர் முடிந்து, இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்து மூன்று வருஷம். அரசுகள் எல்லை மீறி மேலே போகும்போது அவற்றுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்று சொல்ல வந்த விழா. முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறில் வைத்தார்கள். 1969 சீர்திருத்தம் பொதுக்காலத்தின் முடிவுக்கு நகர்த்தியது. அரசர் விழாவுக்கு மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும் நற்செய்திகள் எவை என்று பாருங்கள்: பிலாத்து முன் கைதியாக நிற்பது, கள்வனோடு சிலுவையில் பேசுவது, மத்தேயு 25. ஒன்றில்கூட அவர் படை திரட்டவில்லை. இந்த 2026-இல் மத்தேயு 25-இன் முறை, நவம்பர் 22. ஓட்டுப் போட்டுப் பத்தொன்பது நாள் கழித்துப் பசித்தவர், தாகமானவர், அந்நியர், ஆடையில்லாதவர், நோயாளி, சிறையில் இருப்பவர் என்று அந்த ஆறு பேரும் வாசகமேடையிலிருந்து வருவார்கள். வரிசையைத் தேர்தலுக்கு முன்பே ஒரு தடவை வாசித்துக்கொள்வதில் விதிமீறல் ஏதும் இல்லை.

பெயர்ப் பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்பு, இவ்வாண்டு அக்டோபர் 19. தபால் ஓட்டுக்கு விண்ணப்பம் அக்டோபர் 27 மாலை 5 மணிக்குள். தபால் சீட்டை முதலில் இரகசிய உறையில் போட்டு, அதை வெளி உறையில் போட்டு, வெளி உறையில் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். உள் உறை இல்லாமல் அனுப்பும் சீட்டு எண்ணிக்கையில் சேராது. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் கவுண்டி அலுவலகத்தில் சேர்ந்திருக்க வேண்டும், தபால் முத்திரை விழுந்தால் போதாது. நேரில் போகிறவர்களுக்குச் சாவடி காலை 7 மணிக்குத் திறக்கும். நவம்பர் 1 ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. ஆராதனைக்கு முன் கிடைக்கும் அந்த உபரி ஒரு மணியில் மாதிரிச் சீட்டை நிரப்பி முடிக்கலாம். பூண்டுப் பாத்திக்கு இன்னும் மூடாக்குப் போடாதவர்கள் முந்தின நாள் சனிக்கிழமையே இலை காய்ந்திருக்கும்போது தூளாக்கிப் போட்டுவிடுங்கள். ஈர இலை இயந்திரத்தின் அடியில் அப்பிக்கொள்ளும்.

இப்படிக்கு,
வாசகர்,
லான்காஸ்டர், பென்சில்வேனியா